காருக்கு ஒரு முட்டு

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடை. கார், லாரிச் சாமான்கள் விற்கிற கடை. முன்பக்கம் அகலம் குறைவு. உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை. கடைக்காரர் எனக்கும் மகளுக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, என் வயதுக்காரர்.

“எந்த வண்டிக்கும்மா?”

“சின்ன கார்தாங்க. ஜாக் ஸ்டாண்டு வேணும்” என்றாள் மகள்.

காரைத் தூக்குவதற்கு ஜாக்கி. தூக்கிய கார் இறங்கிவிடாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துவதற்கு இந்த ஸ்டாண்டு. அடியில் விரிந்த கால்கள், நடுவில் ஏற்றி இறக்குகிற மாதிரி பல் வைத்த தண்டு, அதன் தலையில் காரைத் தாங்கிக்கொள்ள ஒரு பள்ளம். மகள் போனில் காட்டிய படங்களை ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு இதெல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது.

அவர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பளபளவென்று சிவப்பு பெயின்ட். தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்துவிட்டது.

“இது எவ்வளவு தாங்கும்?”

“ரெண்டு டன்னு. ஒங்க காரே ஒரு டன்னுதான் வரும்.”

“யாரு சொன்னா?”

“மேல ஒட்டியிருக்கு பாருங்க.”

“ஒட்டுனது யாரு?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் விடவில்லை.

“இதுமேல காரை நிப்பாட்டிட்டு, அடியில ஒங்க வீட்டுப் பொண்ணைப் படுக்க வைப்பீங்களா?”

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அந்த ஸ்டாண்டை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, “இருங்கம்மா” என்று அவரே எழுந்து உள்ளே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் மாடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்த கதையெல்லாம் சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கரண்டுக்குப் பயந்தவர்

அவர் பெயர் தியாகராசன். ஊருக்கெல்லாம் தியாகு. திருமயம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று புகைந்து போனதெல்லாம் அவரிடம் வரும். பழைய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். வல்லத்திராக்கோட்டையிலிருந்துகூட மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

கரண்டு விஷயத்தில் அவரைப் போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் ஒரு ஒயரைத் தொடமாட்டார். வீட்டில் நான் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பூராவும் அதே பேச்சு. “ஒனக்கு உசுரு வெல்லமா இல்லியா?” என்பார்.

கார் வந்தது ஒரு பெரிய வீட்டிலிருந்து. திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் செட்டியார் வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து போவார்கள். மோட்டார் பார்க்கப் போன இடத்தில், ஷெட்டில் ஓடாமல் நின்ற சாம்பல் நிறக் காரைப் பார்த்து இவருக்கு ஆசை வந்துவிட்டது. பேசி வாங்கிவிட்டார். பின்னாலிருந்து பத்துப் பேர் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து இறங்கிய அழகு இருக்கிறதே! மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுப் போகும்.

ஓடவைத்தார். ஒரு மாதம் பொறுமையாக வேலை பார்த்து ஓடவைத்தார். எங்கள் மகள் இளவரசியைப் பின் சீட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது கிளம்பிவிடுவோம். திருவரங்குளம் கோயிலுக்குப் போவோம். ஒன்றும் தோன்றாவிட்டால் புதுக்கோட்டை வரைக்கும் போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவோம். ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. அந்தப் பாதி வழியாக வரும் காற்றுக்கு அம்மாவும் மகளும் சண்டை போடுவோம்.

ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் வீட்டு வாசலில் அவரேதான். காரோடு வந்த சின்ன ஜாக்கியை வைத்துத் தூக்குவார். பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்றுகிற நேரத்துக்கு மட்டும் காரைத் தூக்கிப் பிடிக்கச் செய்த ஜாக்கி அது. ஜாக்கி நழுவினால் என்ன செய்வது என்று பக்கத்தில் இரண்டு ஹாலோ பிளாக் கல்லும் அடுக்குவார். மாடிச் சுவர் கட்டியபோது மிஞ்சிய, உள்ளே பொள்ளலான சிமென்ட் கல். முதல் தடவை நின்றது. இரண்டாவது தடவை நின்றது. அப்புறம் அது அவருக்குப் பழக்கமாகிப் போனது.

கரண்டுக்கு அவ்வளவு பயந்த மனிதருக்குக் கல்மேல் சந்தேகமே வரவில்லை. அதை நினைத்து நினைத்து நான் எத்தனை பகலைக் கழித்திருக்கிறேன் தெரியுமா?

அந்த ஞாயிறு

முதல்நாள் மழை. எங்கள் வாசல் அப்போது வெறும் செம்மண் தரை. காய்ந்தால் பாறை மாதிரி இருக்கும். நனைந்தால் செருப்பு புதையும். காலையில் நல்ல வெயில் அடித்ததால் மேலே காய்ந்தது போலத் தெரிந்தது.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவர் காரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. “மல்லிகா, ஒரு பழைய துணி போடு” என்று கூப்பிட்டார். கிழிந்த பனியன் ஒன்றை மேலேயிருந்து போட்டேன். அண்ணாந்து பார்த்துக் கையால் பிடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அப்பளக் கட்டை மொத்தமாக நொறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்து கனமாக ஒன்று தரையில் உட்கார்ந்தது. எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து மட்டை விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கையில் இருந்த புடவையை உதறிக் கொடியில் போட்டேன். அதற்குப் பிறகுதான், கீழே அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

நான் இறங்கி வந்தபோது ஜாக்கி சாய்ந்து கிடந்தது. அதன் அடி செம்மண்ணில் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கல் பொடிப்பொடியாகக் கிடந்தது. கார் முன்பக்கம் தாழ்ந்து அமைதியாக நின்றது.

பம்பரைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிர்வீட்டு போஸ் அண்ணன் கைலியோடு ஓடி வந்தார். டீக்கடையில் நின்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கையாலேயே காரைத் தூக்கி நகர்த்தினார்கள். போஸ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவிடவில்லை. “தங்கச்சி, அங்கிட்டுப் போ. அங்கிட்டுப் போத்தா” என்று அழுதுகொண்டே என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையில் என்னிடம் கேட்டு வாங்கிய பனியன் துணி இன்னும் இருந்தது. அவர் எப்போதோ போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். மாடுகளோடு இருந்த வேலையில் அதைத் தொட்டே தெரிந்துகொள்ளப் பழகியிருந்தேன். ஆனாலும் கையை விடவில்லை.

மகளை யார் போய்க் கூட்டி வந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

தார்ப்பாய்க்கு அடியில்

காரியம் முடிந்ததும் என் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “அக்கா, அந்தச் சனியனை எடைக்குப் போட்டுருவோம்க்கா. கண்ணுல படவே வேணாம்.”

“இருக்கட்டும்” என்றேன்.

“எதுக்குக்கா?”

எனக்கே தெரியாது. பார்க்கவும் முடியவில்லை, யாரோ வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவதையும் நினைக்க முடியவில்லை. கடைசியில் தம்பிதான் ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்திக் கயிறு கட்டினான். தார்ப்பாய் வெயிலில் கிழியும். வேறொன்று வாங்கிப் போர்த்துவோம். அடியில் பூனை குட்டி போட்டது. கோழி அடைகாத்தது. வாசலைக் கூட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவேன்.

மகள் அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டாள். ப்ளஸ் டூ முடித்ததும் ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“ஒங்கப்பாவைக் கொன்ன வண்டியைப் படிக்கப் போறியா?”

“வண்டி கொல்லலம்மா. கல்லுதான் கொன்னுச்சு” என்றாள். சாப்பாட்டை அள்ளித் தட்டில் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

படித்தாள். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. போன ஆடியில் லீவு போட்டு வந்தவள், காலையில் எழுந்து தார்ப்பாயை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் காபியோடு வாசலுக்கு வந்தேன். கார் நிறமே மாறியிருந்தது. நாலு டயரும் தரையோடு தரையாக அமுங்கியிருந்தன.

“அம்மா, இதை ஓடவைக்கப் போறேன்.”

காபி டம்ளரை வாசற்படியில் வைத்தேன்.

“அடியில போய்த்தான் பாக்கணும். ஒனக்குத் தெரியாம பண்ண மாட்டேன். காரை எங்க நிப்பாட்டணும், எதுமேல நிப்பாட்டணும், எல்லாம் நீ முடிவு பண்ணு. சாமான் வாங்க நீயும் வா. ஒனக்குத் திருப்தி இல்லேன்னா நான் படுக்க மாட்டேன். தார்ப்பாயைத் திரும்பக் கட்டிருவோம்.”

காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. “எப்பப் போகணும்?” என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து வந்தவை

திருச்சிக் கடைக்காரர் உள்ளேயிருந்து வரும்போது கைக்கு ஒன்றாகத் தூக்கி வந்தார். கறுப்பு ஸ்டாண்டு. பளபளப்பு இல்லை. கீழே வைத்தபோது தரை அதிர்ந்தது.

“இதைப் பாருங்கம்மா. காலு எவ்வளவு அகலம் பாருங்க. வெல்டிங்கைத் தடவிப் பாருங்க, எங்கயாவது விட்டுருக்கான்னு. தண்டு பல்லுல நிக்கும். அது போக, குறுக்க இந்த இரும்பு ஊசியைச் சொருகிடணும். பல்லு வழுக்கினாலும் ஊசி விடாது. மூணு டன்னு தாங்கும்.”

நான் வெல்டிங்கை விரலால் தடவினேன். ஒவ்வொரு காலாகத் தடவினேன். மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன், அதை நிறுத்தும் சட்டத்தின் ஒவ்வொரு கட்டையையும் ஆட்டிப் பார்த்துத்தான் கை வைப்பேன். எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும் சரி. அந்த வழக்கம் கையிலேயே இருந்தது. ஸ்டாண்டின் இரும்பு ஊசியைச் செருகி, உருவி, மறுபடி செருகினேன்.

“டயரை ஏத்தி நிப்பாட்டுற சரிவுப் பலகையும் இருக்கு. ஆயில் மாத்த அது சுலபம்” என்றார்.

“வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க. ஏத்த முடியாது” என்றாள் மகள். “நாலு டயரும் போச்சு, புதுசு போடணும். உருட்டிட்டுப் போற ட்ராலி ஜாக்கி ஒண்ணு குடுங்க. சக்கரத்துக்கு அடை குடுக்குற ரப்பர் கட்டையும் வேணும்.”

“ட்ராலி ஜாக்கி இருந்தா ஸ்டாண்டு எதுக்கு?” என்று நான் குறுக்கே கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

“ஜாக்கி தூக்குறதுக்கு மட்டுந்தாம்மா. உள்ள ஆயில் கசிஞ்சா சொல்லாமக் கொள்ளாம இறங்கிரும். ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகக்கூடாது.” சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வீட்ல யாருக்கும்மா ஆச்சு?”

“இவ அப்பாவுக்கு.”

கடைக்காரரே சாமான்களைச் சாக்கில் போட்டு வாய் தைத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ பிடித்து, சாக்கை ஏற்றிவிட்டு நின்றார். ஆட்டோ நகரும்போது என் மகளிடம், “தரை மட்டமா இருக்கணும் பாப்பா. மண்ணுல வைக்காத” என்றார்.

புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கட்டில் காலா?” என்றார். மகள் சிரித்தாள். நான் சாக்கின் மேல் கால் வைத்து, வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தள்ளிப் பார்த்தேன்

கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலில் ஜல்லி கொட்டி, மட்டம் பார்த்து, சிமென்ட் தரை போட்டோம். நன்றாக இறுகட்டும் என்று தினமும் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். பலகை போட்டுத் தூக்கி டயர் மாற்றிய பிறகு போஸ் அண்ணன் ஆட்களோடு வந்து காரைத் தள்ளி அந்தத் தரைமேல் நிறுத்தினார். முடிந்ததும் நேரே வீட்டுக்குள் போய்விட்டார்.

மகள் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ட்ராலி ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினாள். பக்கத்துக்கு ஒன்றாக ஸ்டாண்டுகளை, காரின் கனமான சட்டத்துக்கு நேர் கீழே வைத்து, ஊசி செருகினாள். ஜாக்கியை மெதுவாக இறக்கியதும் கார் ஸ்டாண்டுகளின்மேல் உட்கார்ந்தது. அப்போது வந்த சின்னச் சத்தத்துக்கே நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இப்ப நீ ஆட்டிப் பாரும்மா. நல்லாத் தள்ளு.”

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. அந்தப் பக்கம் போய்த் தள்ளினேன். முன்னால் வந்து, இரண்டு கையையும் பானெட்டில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். முந்தானை நழுவியது. மூச்சு வாங்கியது. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மகள் போதும் என்று சொல்லவே இல்லை. நானாக நிறுத்துகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

அவள் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைத் தரையில் விரித்து உட்கார்ந்தாள்.

“இரு ஆத்தா. முதல்ல நான் போறேன்” என்றேன்.

“நீயா?”

“நான்தான்.”

அவள் எழுந்து வழிவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மல்லாந்து படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மூக்குக்கு மேலே கறுப்பாக எஞ்சின். குழாய்கள், ஒட்டடை, இறுகிப்போன செம்மண். நாங்கள் போய் வந்த தெருக்களின் மண்ணாகத்தான் இருக்கும். அவர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். இத்தனை வருஷம் அது என்னவோ பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒரு வேலை பாக்கியிருக்கும் இடம் மாதிரிதான் இருந்தது.

“ஒரு பெரிய நட்டு தெரியுதா? அதுதான் ஆயில் இறக்குறது” என்று மகள் வெளியிலிருந்து சொன்னாள். “அன்னைக்கு அப்பா அது வரைக்கும் வந்திருக்க மாட்டாரு போல. அழுக்கு அப்படியே இருக்கும் பாரு.”

“ஸ்பேனரைக் கொடு.”

கொடுத்தாள். முதலில் தப்பான பக்கம் திருகினேன். “அடியில இருந்து பாத்தா திசை மாறித் தெரியும்மா, அங்கிட்டுத் திருப்பு” என்றாள். இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். டக்கென்று விட்டது. ஆயில் பிடிக்க மகள் தள்ளிவிட்ட பேசினை அடியில் நகர்த்தி வைத்து, விரலால் சுற்றி எடுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்பாக, தடிப்பாக, அவர் கையால் ஊற்றிய ஆயில் இறங்க ஆரம்பித்தது. என் விரல்களின் மேல் பட்டு வழிந்தது. அவர் போன நாளிலிருந்து அடுத்தவர் காதில் விழ நான் வாய்விட்டு அழுததில்லை. அங்கே அழுதேன். காரின் அடி வயிற்றில் என் குரல் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

மகள் குனிந்து பார்க்கவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் சிமென்ட் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளும் குலுங்குவது தெரிந்தது.

பழைய ஆயில், எஞ்சினும் சூடில்லை. நூல் மாதிரி இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு சொட்டு விழுந்தது.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்றாள்.

“இல்ல. இன்னும் வருது.”

“வரட்டும். அவசரமில்ல” என்றாள்.